‘போடவா?’ என்று கேட்கிற வீடு

தையல்காரர் பயந்த சுபாவம். நான் புறம் பேசுவதாக நினைக்க வேண்டாம். அவரையே கேட்டால் முதலில் “சேச்சே” என்பார், அப்புறம் சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பித்ததும் வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். தொழில் பழகிய வயதில் ஈரக் கையோடு இஸ்திரிப் பெட்டியைத் தொட்டார். அது அவரைத் தூக்கிச் சுவரில் அடித்தது. அன்றிலிருந்து கரண்ட் என்றாலே அவருக்கு ஆகாது. இன்றைக்கும் கடையில் ஸ்விட்சை விரலால் அணைக்க மாட்டார், மர அடிக்கோலால் எட்ட நின்று தட்டுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவி யார் என்கிறீர்கள்? மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவள்.

பட்டறையில் அவளைக் கம்பியக்கா என்பார்கள். எரிந்து கரியாகி வந்த மோட்டாரிலிருந்து பழைய கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் கொடுத்து ஓடவைத்து அனுப்புவாள். பகலெல்லாம் கம்பியோடு கிடந்தது போதவில்லை போலிருக்கிறது. போன வருஷம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையைக் காலி செய்து, டெஸ்லா காயில் செய்யப் போகிறேன் என்றாள். அது எதற்கு என்று கேட்டார். “மின்னல் விடுறதுக்கு” என்றாள். அவர் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

ஆரம்பத்தில் அவருக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. தொடை கனத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன்மேல் தலைமுடி போன்ற செம்புக் கம்பியை நெருக்கி நெருக்கிச் சுற்ற வேண்டும். அவள் கம்பியைப் பிடித்துக்கொள்ள, அவர் குழாயை மெல்லத் திருப்பினார். ஆயிரத்து நூறு சுற்று. நூல்கண்டோடு முப்பது வருஷம் பழகிய கை அல்லவா, ஒரு சுற்றுகூட இன்னொன்றின் மேல் ஏறவில்லை. “பட்டறையில உங்களுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுக்கலாம்” என்று அவள் சொன்னபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அவளுடைய வேலைச் சட்டையில் ஆழமாக ஒரு பையும் தைத்துக் கொடுத்தார். காயிலின் பிளக்கைப் போட்டுக்கொள்வதற்கென்றே வைத்த பை அது. பிளக் பைக்குள் இருந்தால்தான் யாரும் அந்தச் சாமானின் கிட்டப் போகலாம் என்பது அவள் போட்ட முதல் சட்டம்.

பிறகுதான் மற்றவை வந்து சேர்ந்தன. பழைய விளம்பரப் பலகையிலிருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மர். வரிசையாகப் பத்து கண்டென்சர். நடுவே ஒரு விரல்கடை இடைவெளி விட்டு இரண்டு செம்புத் துண்டு, பொறி தாண்டுவதற்கு. குழாயின் தலையில் அலுமினிய வளையம். தரையில் அடித்து இறக்கிய தனி எர்த் கம்பி. தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்து, ஓடும்போது அதைத் தாண்டினால் காலை உடைப்பேன் என்றாள். மணல் வாளி ஒன்று, ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும், பொறியை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, காதுக்கு மூடி. இதையெல்லாம் கேட்கக் கேட்க அவர் ஒவ்வொரு அடியாக வாசல் பக்கம் நகர்ந்தார். இத்தனை காவல் வேண்டியிருக்கிறது என்றால் உள்ளே இருப்பது எப்பேர்ப்பட்டதாக இருக்கும்?

இன்னொரு வழக்கமும் பட்டறையிலிருந்து வந்தது. அங்கே கட்டி முடித்த மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்குமுன் ஸ்விட்சண்டை நிற்பவர், “போடவா?” என்று சத்தமாகக் கேட்பார். அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து “போடு” சொல்ல வேண்டும். ஒருத்தர் “இரு” என்றால் போச்சு, ஸ்விட்ச் மேலே இருக்கும் கை அப்படியே நின்றுவிடும். ஏன் என்று கேட்கக் கூடாது. சொன்னவர் நேற்று சேர்ந்த ஆளாக இருந்தாலும் சரி. அந்தப் பட்டறையில் இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் கைகால் போகவில்லை என்றால் அதனால்தான் என்று அவள் அடித்துச் சொல்வாள். “நம்ம வீட்டுலயும் இதான் சட்டம்” என்றாள்.

முதல் நாள் ஓட்டியபோது அறையில் இருந்தது மூன்று பேர். அவள், அவர், அவளுடைய தம்பி. தம்பி வேன் ஓட்டுகிறவன். வாய் அவனுக்கு வேனைவிட வேகம்.

“போடவா?”

“போடுக்கா!”

தையல்காரருக்கு “இரு” என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் மச்சினன் ஏற்கெனவே, “மாமாவுக்கு ஒரு நாற்காலி போடுக்கா, மயக்கம் வந்தா விழ வசதியா இருக்கும்” என்று சொல்லிச் சிரித்து முடித்திருந்தான். “போடு” என்றார். அது அவர் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அட, அந்தச் சத்தம்! கெட்டித் துணியை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கிழித்த மாதிரி. வளையத்திலிருந்து ஊதா நிறத்தில் ஒரு முழ நீளத்துக்கு மின்னல் கிளம்பி, எதைப் பிடிக்கலாம் என்று காற்றில் துழாவியது. மூலையில் சாத்திவைத்த டியூப்லைட், ஒரு கம்பியும் இல்லாமல் தானாக எரிந்தது. மூக்கில் ஒரு காரமான வாடை. அவள் முகமெல்லாம் சிரிப்பு. மின்னல் அவளைத்தான் தேடுகிறது என்று தோன்றியது அவருக்கு. வேறு யார் அவ்வளவு கிட்டத்தில் நின்றார்கள்?

அதன்பின் அவர் உருப்படியாகத் தைக்கவில்லை. சட்டையின் வலக்கைத் துண்டை இடப்பக்கம் வைத்துத் தைத்தார், பிரித்தார், மறுபடி அதையே செய்தார். அவள் பட்டறையிலிருந்து வர அரை மணி தாமதமானால் தெருமுனைவரை போய் நின்றார். இதற்குள் அவள் இரண்டாவது டிரான்ஸ்பார்மரும் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் காட்டப் போகிறாளாம், மின்னல் ஒரு ஆள் உயரம் வருமாம்.

புதன்கிழமை சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார். “இப்ப என்ன அவசரம்? கொஞ்ச நாள் ஆறப் போடலாமே.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “பயமா இருக்கா உங்களுக்கு?”

“எனக்கா? சேச்சே. எனக்கென்ன பயம்.”

அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆம்பளை வீராப்பு, வேறென்ன சொல்ல. வியாழக்கிழமை மத்தியானம், அவள் பட்டறையில் இருக்கும் நேரத்தில், ரப்பர் செருப்பு, பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை சகிதம் சாமான் அறைக்குள் நுழைந்தார். கையில் நூல் வெட்டும் சின்னக் கத்திரி. பிளக் பிடுங்கித்தான் கிடந்தது. இருந்தாலும் மூன்று தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

எதையாவது ஒன்றைப் பிரித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அது ஓடாது. ஓடாவிட்டால் அவள் கொஞ்சம் வருத்தப்படுவாள், அவ்வளவுதானே. ஆனால் எதைப் பிரிப்பது? டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஒதுங்கிப் போனார். தடித்த செம்புக் குழாய் கத்திரிக்கு மசியாது. தேடிக்கொண்டே வந்த கண்ணில் அது பட்டது. ஒவ்வொரு கண்டென்சரின் மேலும் குறுக்கே ஒரு சின்ன மணி, உடம்பில் கலர் கலராக வரி, இரண்டு பக்கமும் மெல்லிய கம்பிக் கால். பத்து கண்டென்சருக்குப் பத்து மணி. வரிசையாகத் தையல் போட்ட மாதிரியே இருந்தது. இதுதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது. உள் தையலைப் பிரித்துவிட்டால் எப்பேர்ப்பட்ட கோட்டும் தோளில் நிற்காதே! தையல்காரருக்கு வேறு எப்படி யோசனை போகும்?

சும்மா சொல்லக் கூடாது, நேர்த்தியாகச் செய்தார். ஒவ்வொரு மணியிலும் ஒரே ஒரு கால், அதுவும் அடிப்பக்கமாக, வெட்டின வாய் வெளியே தெரியாமல் கத்தரித்துவிட்டு மணியை இருந்த இடத்திலேயே அழுத்தி வைத்தார். மேலிருந்து பார்த்தால் பத்தும் அப்படியே இருந்தன. அன்று மாலை அவர் தைத்த காலர் மாதிரி ஒரு காலரை அவர் ஆயுசில் தைத்ததில்லை.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஃபோர்மேன் வந்தார். பெரிய மீசை, சின்னக் குரல். அவள் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்: “நெஞ்சுல மிஷின் வெச்சவங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா உள்ள வரக் கூடாது. போனையெல்லாம் இங்கயே வெச்சிடுங்க.”

“எங்க மாமாவுக்கு நெஞ்சே கிடையாதுக்கா, அவரு தாராளமா வரலாம்” என்றான் மச்சினன்.

தையல்காரர்கூடச் சிரித்தார். அன்றைக்கு அவர் அவ்வளவு நிம்மதியாக இருந்தார். எல்லோரும் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். சுவரில் சாத்தியிருந்த எர்த் கோலை எடுத்து அவள் ஃபோர்மேனுக்குக் காட்டினாள். நீளமான பிளாஸ்டிக் குழாய், முனையில் செம்புக் கொக்கி, அதிலிருந்து எர்த்துக்கு ஒரு தடித்த கம்பி. ஓட்டி முடித்ததும் கண்டென்சரை முதலில் இதால் தொட்ட பிறகுதான் கையால் தொடுவது. மச்சினன் அதை வாங்கித் தோளில் சாத்திக்கொண்டு சிப்பாய் மாதிரி விறைப்பாக நின்றான்.

“போடவா?”

“போடு” என்றார் ஃபோர்மேன். “போடுக்கா” என்றான் மச்சினன். “போடு!” என்றார் தையல்காரர், கணீரென்று. அவள் ஆச்சரியத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போட்டாள்.

அது ஓடியது.

ஓடியது என்றால் முன்பைவிட நாலு மடங்கு ஓடியது. ஒரு ஆள் உயரத்துக்கு மின்னல் பாய்ந்து கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. தையல்காரர் கண்டென்சர் வரிசையைப் பார்த்தார். ஏன் ஓடுகிறது? பத்தையும் வெட்டினேனே! அப்படியானால் நான் வெட்டியது எதை? மின்னலைவிட அந்தக் கேள்வி அவரைக் கலக்கியது.

கால் நிமிஷம் போயிருக்கும். ‘டப்’பென்று ஒரு சத்தம், எல்லாம் நின்றுவிட்டது. அவள் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அவர் தைத்துக் கொடுத்த பைக்குள் போட்டாள்.

“டிரான்ஸ்பார்மர்ல இருந்து வர்ற கம்பி பிச்சுக்கிச்சு, அங்க பாருங்க. ரெண்டு நிமிஷத்துல மாட்டிடறேன்.”

“உள்ள கரண்ட் நிக்காதா?” என்று ஃபோர்மேன் கேட்டார்.

“நிக்கும் சார். பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டென்சருக்குள்ள நிக்கும். அதுவும் இப்படி நடுவுல கம்பி பிச்சுக்கிட்டா போக வழியே இல்லாம அப்படியே நிக்கும். தொட்டா ஆளு காலி. அதுக்குத்தான் இந்த மணி மாதிரி இருக்கு பாருங்க, பத்து ரெசிஸ்டர். நிறுத்தினதும் எல்லாத்தையும் வடிச்சிடும். இது இல்லேன்னா நான் இந்தச் சாமான் பக்கமே போக மாட்டேன்.”

அவள் எட்டிப் பார்த்தாள். மேலிருந்து பத்தும் அப்படியே இருந்தன.

தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்தாலும் கோல் இருக்கிறதே, கோலால் தொடுவாளே என்று ஒரு கணம் உயிர் வந்தது. அவள் தம்பியிடம் கையை நீட்டினாள். அவனோ தோளில் சாத்திய கோலோடு ஜன்னலண்டை போய், வெளியே நின்று எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரருக்குச் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான். ஃபோர்மேன் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவரைக் காக்க வைக்கிறோமே என்று அவளுக்குச் சங்கடம்.

“சரி விடு, இந்நேரம் வடிஞ்சிருக்கும்” என்றாள். கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க, பழகின ஆட்கள் செய்கிற மாதிரி இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வலக்கையை மட்டும் நீட்டிக் குனிந்தாள்.

சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. நான் வெட்டிவிட்டேன், வியாழக்கிழமை, கத்திரியால், அடிப்பக்கம். இவ்வளவும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றது. அந்த விரலுக்கும் கண்டென்சர் முனைச் செம்புக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அப்புறம் நாலு விரல்கடை.

“இரு!”

ஊளையிட்டது போல வந்தது அந்தச் சத்தம். அவர்தான் போட்டார்.

அவளுடைய கை நின்றது. யோசித்து நிறுத்தவில்லை, பதினெட்டு வருஷம் பட்டறையில் பழகின கை, தானாக நின்றது. குனிந்த வாக்கிலேயே, விரலைக்கூட மடக்காமல், பின்னால் ஒரு அடி எடுத்து வைத்து வந்தாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மச்சினன்தான் கேட்டான். “என்ன மாமா, எலியா?”

“நான் வெட்டிட்டேன்” என்றார் தையல்காரர். “அந்த மணி. பத்தையும். வியாழக்கிழமை. ஓடாம இருக்கட்டும்னு...” தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பத்தும் இருக்கே” என்றாள் அவள்.

“அடிப்பக்கம்மா. அடிப்பக்கம் கால வெட்டியிருக்கேன். மேல தெரியாது.”

தம்பியின் தோளிலிருந்து கோலை எடுத்தாள். எல்லோரையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னாள். எட்ட நின்று கொக்கியை நீட்டிக் கண்டென்சர் வரிசையின் முனையில் வைத்தாள்.

வெடித்தது. வேட்டு மாதிரி ஒரு சத்தம், வெள்ளையாக ஒரு வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் “ஐயோ” என்றது கேட்டது. அவள் விரல் போகவிருந்த இடத்தில் செம்பு கறுத்திருந்தது. அவள் விடாமல் ஒவ்வொரு கண்டென்சராகத் தொட்டுக்கொண்டே போனாள். நாலாவதில் ஒரு சின்னப் பொறி, ஏழாவதில் ஒன்று. பத்தும் முடிந்த பிறகு கோலைக் கொக்கியோடு அங்கேயே மாட்டிவைத்துவிட்டுத் தன் வலக்கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அவள் பயந்து அவர் அதுவரை பார்த்ததில்லை.

ஃபோர்மேன் சின்னக் குரலில், “கோலில்லாம கைய நீட்டினியேம்மா. அது உன் தப்பு” என்றார். அவள் தலையாட்டினாள். ஃபோர்மேன் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மச்சினன் ஒரு வேடிக்கையும் பேசாமல் அவர் பின்னாலேயே போனான்.

அறையில் இரண்டு பேர்தான் மிச்சம். அவர் தரையிலேயே இருந்தார்.

“இந்தக் காயில் என்னைக் கொல்லும்னு பயந்தீங்க” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “அது கத்துது, மின்னுது, நாறுது. கிட்ட வராதேன்னு ஊருக்கே சொல்லிட்டுத்தான் ஓடுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே.”

“நீ சிரிப்பேன்னு...”

“சிரிச்சா செத்தா போயிடுவீங்க? நான் செத்திருப்பேன்.”

முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. பூட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள்.

மூன்று நாள் வீட்டில் சாப்பாடு நடந்தது, பேச்சு நடக்கவில்லை. அவர் கத்திரிகளையெல்லாம் கடையிலேயே வைத்துவிட்டு வந்தார். நாலாம் நாள் சாயங்காலம் அவள் சாமான் அறையிலிருந்து கூப்பிட்டாள். “ஏங்க, இங்க வாங்க. இதப் பிடிங்க.” புது ரெசிஸ்டர் ஒன்றை இடுக்கியோடு நீட்டினாள். அவர் ஒவ்வொன்றாகப் பிடிக்க, அவள் ஈயம் உருக்கிப் பற்றவைத்தாள். பத்து முடிந்ததும் மீட்டரை அவர் கையில் கொடுத்து ஒவ்வொன்றையும் அளக்க வைத்தாள். இரண்டாவதை அவர் மூன்று தடவை அளந்தார். அவள் காத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு, முதல் நாள் இருந்த அதே மூன்று பேர். கோல் இப்போது சுவரில் ஒரு ஆணியில் தொங்கியது. மச்சினன் அதன் பக்கம்கூடப் போகவில்லை. அவள் ஸ்விட்சின் மேல் கையை வைத்தாள்.

“போடவா?”

“போடுக்கா.”

தையல்காரர் வளையத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“இரு” என்றார்.

கை நின்றது. அவள் பிளக்கைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மச்சினன் வாயைத் திறக்கப் போனான், அவள் ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டான். முக்காலியை இழுத்துப் போட்டு அவள் உட்கார்ந்தாள்.

“எனக்குப் பயமா இருக்கும்மா” என்றார் அவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

அவள் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, அவர் சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.